மதமாற்றமும் மரபடையாளமும்: பிரித்தானிய நாடாளுமன்ற அரசியலில் டிஸ்ரேலியும் ரோத்ஸ்சைல்டும் (1817–1880)

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் யூதர்கள் பொதுவாழ்வில் நுழைவதற்குத் திருமுழுக்கு ஒரு வாயிலாக இருந்தது. திருமுழுக்குப் பெற்ற பெஞ்சமின் டிஸ்ரேலி, திருமுழுக்குப் பெறாத லயோனல் டி ரோத்ஸ்சைல்ட் ஆகிய இருவரின் நாடாளுமன்ற வரலாற்றை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. மதமாற்றம் சட்டத்தடையை நீக்கியதே தவிர மரபடையாளத்தை நீக்கவில்லை என்பதையும், மதம் மாறாமலே உரிமை பெறும் நிலை எவ்வாறு உருவானது என்பதையும் விளக்குவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: யூத அடையாளம், திருமுழுக்கு, நாடாளுமன்ற உறுதிமொழி, டிஸ்ரேலி, ரோத்ஸ்சைல்ட்.

முன்னுரை

ஒருவர் தம் சமயத்தைக் கைவிட்டுப் பெரும்பான்மையினரின் சமயத்தை ஏற்றால், அப்பெரும்பான்மையினர் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொள்கின்றனரா? இவ்வினாவை யூதர்களின் வரலாறு கூர்மையாக எழுப்புகிறது. 1822இல் பிரஷ்ய அரசு யூதர்களைப் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து விலக்கியது. சட்ட அறிஞர் எடுவர்ட் கான்ஸ் 1825இல் திருமுழுக்குப் பெற்ற பின்னரே பெர்லினில் பேராசிரியராக முடிந்தது. அதே ஆண்டில் கவிஞர் ஹைன்ரிக் ஹைனேயும் திருமுழுக்குப் பெற்றார். இவர்களிடத்தில் மதமாற்றம் உள்ளத்தின் நாட்டத்தைவிட வாழ்க்கைத் தேவையோடு மிகுந்த தொடர்புடையதாக இருந்தது. இங்கிலாந்தில் இச்சிக்கல் பல்கலைக்கழகத்தைவிட நாடாளுமன்றத்தின் வாயிலில்தான் முழுமையாக வெளிப்பட்டது.

1. உறுதிமொழி என்னும் தடை

1290இல் முதலாம் எட்வர்டு மன்னரால் வெளியேற்றப்பட்ட யூதர்கள், 1656இல் கிராம்வெல் ஆட்சிக்காலத்தில் மீண்டும் இங்கிலாந்தில் வாழ இடம் பெற்றனர். வெளிநாட்டில் பிறந்த யூதர்களுக்குக் குடியுரிமை வழங்க வகைசெய்த 1753ஆம் ஆண்டுச் சட்டம், மக்களிடையே எழுந்த கடும் எதிர்ப்பால் மிக விரைவில் நீக்கப்பட்டது.

யூதர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆகக்கூடாது என்று நேரடியாகக் கூறும் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. உறுப்பினர் எடுக்க வேண்டிய உறுதிமொழியில் கிறித்தவரின் மெய்யான நம்பிக்கையின்மேல் ஆணையிடும் சொற்றொடர் ஒன்று இருந்தது. மனச்சான்றுள்ள யூதர் எவரும் அதைச் சொல்ல இயலாது. யூத மரபில் பிறந்தும் அச்சமயத்தை விட்டு விலகியிருந்த பொருளியலறிஞர் டேவிட் ரிக்கார்டோவுக்கு 1819இல் இத்தடை குறுக்கிடவில்லை. ஆகவே, சட்டம் தடுத்தது நம்பிக்கையையே, பிறப்பை அன்று. 1829இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே யூதர்களுக்கான மசோதாவை இராபர்ட் கிராண்ட் கொண்டுவந்தார். அதை ஆதரித்து மெக்காலே தம் கன்னிப்பேச்சை நிகழ்த்தினார். எனினும் மசோதா தோற்றது.

2. டிஸ்ரேலியின் திருமுழுக்கு

டிஸ்ரேலியின் தந்தை ஐசக், இலண்டன் பெவிஸ் மார்க்ஸ் யூதத் தொழுகைக்கூடத்தைச் சேர்ந்தவர், எழுத்தாளர். 1813இல் அவரைக் கேளாமலே தொழுகைக்கூடத்தின் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் மறுத்ததால் 40 பவுண்டு தண்டம் விதித்தனர். தண்டத்தைச் செலுத்த மறுத்த ஐசக், தம் தந்தை மறைந்த பின்னர் 1817இல் அத்தொழுகைக்கூடத்துடனான உறவை முறித்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பன்னிரண்டு வயதுப் பெஞ்சமினுக்கு ஆங்கிலிக்கன் திருச்சபையில் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. ஐசக் தாம் திருமுழுக்குப் பெறவில்லை என்பது கருதத்தக்கது. ஆக, டிஸ்ரேலியின் மதமாற்றம் அவருடைய தேர்வும் அன்று. சமய ஆராய்ச்சியின் விளைவும் அன்று. ஒரு நிருவாகப் பிணக்கின் பின்விளைவு. ஆயினும் அதுவே 1837இல் அவர் மெய்ட்ஸ்டன் தொகுதி உறுப்பினராக அமர வழிவகுத்தது.

3. இருவரும் ஓர் அவையும்

1847இல் இலண்டன் மாநகரத் தொகுதியில் லயோனல் டி ரோத்ஸ்சைல்ட் வெற்றி பெற்றார். அத்தொகுதியின் உறுப்பினர்களுள் பிரதமர் ஜான் ரசலும் ஒருவர். உறுதிமொழியின் இறுதிச் சொற்களைச் சொல்ல இயலாததால் ரோத்ஸ்சைல்ட் அவையில் அமர முடியவில்லை. தடையை நீக்க ரசல் மசோதா கொண்டுவந்தார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்த டிஸ்ரேலி, தம் கட்சியினரின் வெறுப்பைப் பொருட்படுத்தாமல் 1847 டிசம்பரில் அதை ஆதரித்துப் பேசினார்.

அவர் எடுத்துரைத்த காரணம் தனித்தன்மை உடையது. ரசல் முதலியோர் சமய உரிமையைக் கோட்பாடாக முன்வைத்தனர். டிஸ்ரேலியோ, கிறித்தவம் யூத சமயத்திலிருந்து மலர்ந்தது. ஆதலால் கிறித்தவ அவை யூதருக்குக் கடன்பட்டுள்ளது என வாதிட்டார். இவ்வாதத்தில் அவருடைய சொந்த வாழ்வும் அடங்கியிருந்தது. யூதம் கிறித்தவத்தின் வேர் என்றால், திருமுழுக்குப் பெற்ற யூதர் தம் மரபைத் துறந்தவர் ஆகமாட்டார். இவ்வாதம் அவையில் பெரும்பாலோரைக் கவரவில்லை. மசோதாவை ஆதரித்த கட்சித் தலைவர் ஜார்ஜ் பென்டிங்க் தலைமையிலிருந்து விலக நேர்ந்தது. மசோதா பொதுமக்கள் அவையில் நிறைவேறியும் பிரபுக்கள் அவையில் வீழ்ந்தது.

1850இல் ரோத்ஸ்சைல்ட் பழைய ஏற்பாட்டின்மேல் ஆணையிட்டார். அச்சொற்றொடரை விடுத்ததால் வெளியேறப் பணிக்கப்பட்டார். 1851இல் கிரீனிச் தொகுதியில் வென்ற டேவிட் சாலமன்ஸ், சொற்களை விடுத்து அவையில் அமர்ந்து வாக்கும் அளித்தார். அவருக்கு 500 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. இறுதியில், ஒவ்வோர் அவையும் தனக்கான உறுதிமொழியைத் தானே வரையறுக்கலாம் என்னும் இணக்கம் 1858இல் சட்டமாயிற்று. அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் ரோத்ஸ்சைல்ட் தலையை மூடியவாறு, பழைய ஏற்பாட்டின்மேல் ஆணையிட்டு அமர்ந்தார். அப்போது பொதுமக்கள் அவையின் ஆளுங்கட்சித் தலைவராக இருந்தவர் டிஸ்ரேலி. திருமுழுக்குப் பெற்றவர் நுழைந்து இருபத்தோர் ஆண்டுகள் கழித்தே, பெறாதவர் நுழைய முடிந்தது.

4. திருமுழுக்குக்குப் பின்னும் யூதர்

சட்டம் டிஸ்ரேலியைக் கிறித்தவராகக் கொண்டது. பொதுவாழ்வு அவ்வாறு கொள்ளவில்லை. 1835இல் டான்டன் இடைத்தேர்தலையொட்டி எழுந்த பூசலில் அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓ'கானல் அவருடைய பிறப்பைச் சுட்டி இழிவாகப் பேசினார். 1868இலும், 1874 முதல் 1880 வரையிலும் பிரதமராக இருந்தபோதும் இந்நிலை மாறவில்லை. 1876இல் பல்கேரியப் படுகொலைகள் குறித்த கிளர்ச்சியின்போது, அவரது துருக்கி ஆதரவுக் கொள்கையை யூதப் பிறப்பின் விளைவாகக் காட்டியவர்களுள் வரலாற்றறிஞர் எட்வர்டு ஃப்ரீமனும் ஒருவர். கொள்கை பற்றிய கண்டனம் குருதி பற்றிய கண்டனமாக மாறியது.

இதற்கு டிஸ்ரேலியின் எழுத்தும் ஓரளவு இடமளித்தது எனலாம். ‘கனிங்ஸ்பி’ (1844), ‘டான்கிரெட்’ (1847) ஆகிய புதினங்களில் அவர் யூதரைத் தொன்மையும் மேன்மையும் மிக்க இனமாகப் போற்றினார். இகழ்ச்சியைப் பெருமையாக மாற்ற அவர் கையாண்ட வழி அது. ஆனால் மனிதரை இனத்தால் அளக்கும் அதே கோலைப் பகைவர்களும் எடுத்துக்கொண்டனர். சமயத்தை மாற்றலாம், இனம் என்று கருதப்பட்டதை மாற்ற வழியில்லை.

முடிவுரை

டிஸ்ரேலியின் வாழ்வு மதமாற்றத்தின் எல்லையைக் காட்டுகிறது: அது பதவியைத் தந்தது, ஐயத்திலிருந்து விடுதலை தரவில்லை. ரோத்ஸ்சைல்டின் பதினோராண்டுக் காத்திருப்பு வேறொன்றை நிலைநாட்டியது: உரிமைக்கு விலையாகச் சமயத்தைக் கேட்கக்கூடாது என்பதே அது. 1866இல் உறுதிமொழியிலிருந்து அச்சொற்றொடர் முற்றிலும் நீங்கியது. 1885இல் லயோனலின் மகன் நத்தானியேல், யூதராகவே பிரபுக்கள் அவையில் அமர்ந்தார். எனினும் சட்டத்திலிருந்து நீங்கிய வேறுபாடு பொதுப்பேச்சில் இனவாதமாக நிலைத்தது. ஒரு சிறுபான்மையினர் பெற்ற சமத்துவத்தை அளப்பதற்கு, அவர்களுள் ஒருவர் எட்டிய உயர்பதவி போதிய சான்றன்று. எந்த அடையாளத்தோடு அவர் அதை எட்ட முடிந்தது என்பதும் ஆராயப்பட வேண்டும்.