கடல் தந்த நறுமணம்

சந்தனமும் அகிலும் மரம் தந்த மணங்கள். மல்லிகையும் தாழையும் மலர் தந்தவை. கடலும் மனிதனுக்கு ஒரு மணப்பொருளைத் தந்துள்ளது. அதுவே மீனம்பர் எனப்படும் அம்பராகும். சாம்பல் நிறக் கட்டியாய் மிதந்து கரையொதுங்கும் இப்பொருள் உவர்ப்பும் இனிமையும் கலந்த மணமுடையது. பிற மணங்களை நெடுநேரம் நிலைபெறச் செய்யும் ஆற்றலும் வாய்ந்தது. மாலைதீவில் கரைசேரும் அம்பர் யாவும் மன்னனுக்கே உரியதென, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த பிரெஞ்சுக்காரரான பிறார் எழுதினார்.

இது பிறக்கும் இடம் யாது? கடலடி ஊற்றிலே சுரப்பதென்றனர் சிலர். பறவைகளின் எச்சமென்றனர் வேறு சிலர். திமிங்கிலத்தின் வயிற்றிற் காணப்பட்டபோதும், அவ்விலங்கு அதனை விழுங்கியிருக்கும் என்றே கருதினர்.

உண்மையை அறிந்திருந்தோர் கடலோடிகளே. அமெரிக்காவின் நன்ரக்கெற் தீவு வேட்டைக்காரர், எண்ணெய்க்காகப் பிடித்த திமிங்கிலங்களை அறுக்கும்போது அம்பரைக் கண்டனர். அவர்கள் கூறியதை 1724இல் பொஸ்டன் மருத்துவர் பொயில்ஸ்ரன் இலண்டன் றோயல் சங்கத்திற்கு அறிவித்தார். 1783இல் சுவீடியாவர் என்னும் மருத்துவர், அம்பரினுள்ளே கணவாயின் அலகுகள் இருப்பதைச் சுட்டி, அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாவதே என நிறுவினார். கணவாயே அத்திமிங்கிலத்தின் உணவு. செரியாத அலகுகளைச் சூழ்ந்தே அம்பர் திரள்கின்றது. புதிதாக வெளிப்படும்போது கருமையும் துர்நாற்றமும் உடைய அப்பொருளை, வெயிலும் உப்புநீரும் காற்றும் பல்லாண்டு பதப்படுத்தி நறுமணமாக்குகின்றன.

அடுத்து வந்தது இரசாயனவியல். 1820இல் பிரான்சிலே பெல்லற்றியே, கவாந்து ஆகியோர் அம்பரினின்றும் அம்பிரெயின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1950ஆம் ஆண்டளவில், ஒரு செடியிலிருந்து பெறும் பொருளைக்கொண்டே அம்பர் மணத்தை ஆக்கும் முறை சுவிற்சர்லாந்தில் கண்டறியப்பட்டது. 1966இல் உருவாக்கப்பட்ட கலோன் என்னும் செயற்கைப் பொருளோ கடற்காற்றின் மணத்தையே தந்தது. 1990களில் அத்தகைய வாசனைகள் பெருவழக்காயின. வணிகத்திற்காகத் திமிங்கிலம் வேட்டையாடுவதை அனைத்துலக ஆணைக்குழு 1986 முதல் நிறுத்திவைத்தது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. நூலறிவுடையோர் ஊற்றென்றும் எச்சமென்றும் வாதிட்ட காலத்தில், விடை தொழிலாளரின் கத்திமுனையில் இருந்தது, கேட்பார்தாம் இலர். ஆயினும் அந்த அறிவு எண்ணிறந்த உயிர்களின் குருதியிலே பெறப்பட்டது. உயிரை வதையாமலே அம்மணத்தை ஆக்கும் வழியைப் பிற்காலத்தார் கண்டனர். கல்வியின் பயன் அதுவன்றோ?