அரசு வழக்கறிஞர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

போன மாதம் திருவொற்றியூரில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு ஒரு தங்கை வந்தாள். வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சட்டம் முடித்து பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் இரண்டு வருடமாக ஜூனியராக இருக்கிறாள்.

"அக்கா, ஒரு கம்பெனி லீகல் டிபார்ட்மென்ட்ல வேலை வந்துருக்கு. மாசம் பொறந்தா சம்பளம். அம்மா சேந்துடுன்றாங்க. எனக்கு கவர்மென்ட் பி.பி. ஆவணும்னுதான் ஆசை. இன்னாக்கா பண்றது?"

நான் வக்கீல் இல்லை. சமூகவியல் படித்தவள். ஆனால் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு கோர்ட் வராண்டாவில் நிறைய நாள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் குடும்பங்கள் நீதிபதியைப் பார்ப்பதற்கு முன் அரசு வழக்கறிஞரின் முகத்தைத்தான் பார்க்கின்றன. அதனால் அவளுக்குச் சம்பளக் கணக்கைச் சொல்வதற்கு முன் அந்த நாற்காலியின் வரலாற்றைச் சொன்னேன்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கங்களில் ஒன்று.

அதே 1973இல்தான் ஏ. வரதராஜன் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1944இல் வக்கீலாகப் பதிவு செய்து, 1949இல் மாவட்ட முன்சீப்பாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானவரும் அவரே. நம்மில் ஒருவர் அந்த இடத்தை அடைய அரசுப் பணியின் அடிப்படி ஒன்று தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

குற்றவியல் வழக்கை அரசுக்காக யார் நடத்துவது என்ற விதியும் அந்தக் காலகட்டத்தில்தான் மாறியது. அதுவரை மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் போலீஸ்காரர்களே வழக்கு நடத்துவது சகஜம். கேஸ் போடும் துறையே கேஸையும் நடத்தும். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் உதவி அரசு வழக்கறிஞர் என்ற பதவியை உருவாக்கி, போலீஸ் அதிகாரிகளைப் பொதுவாக அதிலிருந்து விலக்கியது.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. கொலையான பிள்ளையின் தாய் சொந்தமாக வக்கீல் வைத்தாலும் அவர் அரசு வழக்கறிஞரின் கட்டளைக்கு உட்பட்டுத்தான் செயல்பட முடியும் என்றது பிரிவு 301. சாட்சியைக் கேள்வி கேட்பதும், யாரை அழைப்பது, யாரை விடுவது என்று முடிவெடுப்பதும் அரசு வழக்கறிஞர் கையில். அவர் அக்கறையில்லாமல் இருந்தால் நம் வழக்கு அவர் மேஜையிலேயே செத்துவிடும்.

இந்த முடிச்சைத் தளர்த்தத்தான் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சிறப்பு அரசு வழக்கறிஞரைக் கொண்டுவந்தது. 1995 விதிகளில் நான்காவது விதி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியர் ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தலாம் என்கிறது. நம் மக்களில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

அது என்ன செய்யும் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூனில் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி. நாமக்கல்லில் விசாரணை நடந்தபோது முக்கிய சாட்சி பிறழ்ந்தார். தாய் சித்ரா உயர் நீதிமன்றம் போனார். வழக்கு மதுரைக்கு மாறியது. ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். கோயில் சிசிடிவி பதிவு போன்ற சான்றுகளை வைத்து வழக்கு நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜ் உட்படப் பெரும்பாலானோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சட்டம் அதேதான், குற்றமும் அதேதான். நாற்காலியில் உட்கார்ந்தவர் மாறினார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்போ கம்பெனிக்குப் போறது துரோகமாக்கா?"

இல்லை. பசியோடு இருப்பவளிடம் தியாகம் கேட்க எனக்கு எந்த உரிமையும் கிடையாது. கம்பெனி வேலை கௌரவமான வேலை. ஒப்பந்தம், நிலம், தொழிலாளர் சட்டம் எல்லாம் உள்ளிருந்து கற்கலாம். ஆனால் நம் வட்டாரத்தில் கம்பெனி என்றால் என்ன என்பதையும் மறக்க முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் இரண்டையும் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இப்படி ஒரு வழக்கு வந்தால் கம்பெனியின் பதிலைத் தயாரிப்பது சட்டப் பிரிவுதான். ஒருநாள் உன் தெருவுக்கு எதிரான ஃபைல் உன் மேஜைக்கு வரலாம்.

அரசு வழக்கறிஞர் வேலையும் தூய்மையானது அல்ல. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் நிற்பவர்களில் நம் குப்பத்துப் பையன்களும் உண்டு. அவர்களுக்கு எதிராகவும் அவள் எழுந்து நிற்க வேண்டும். பொய் வழக்கு என்று தெரிந்தால் என்ன செய்கிறாள் என்பதில்தான் அவள் யார் என்பது தெரியும்.

வாழ்க்கைத் தொழிலுக்கு எது நல்லது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பார் கவுன்சில் விதி 49இன்படி, முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அந்த ஆண்டுகள் தொழில் அனுபவமாகச் சேராது. உதவி அரசு வழக்கறிஞர் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது, இடஒதுக்கீடு உண்டு. ஆனால் குற்றவியல் கோர்ட்டில் 5 ஆண்டுத் தொழில் கேட்கிறது. சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 ஆண்டுத் தொழில் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. நேரடி மாவட்ட நீதிபதிக்கு 7 ஆண்டு. கோர்ட்டில் வாதாடும் அரசு வழக்கறிஞரின் பணிக்காலம் அந்த ஏழில் சேரும் என்று 2013இல் தீபக் அகர்வால் வழக்கில் தீர்ப்பு வந்தது. கம்பெனி மேஜையில் உட்கார்ந்த காலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கோர்ட்டில் 5 ஆண்டு முடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போகிறவளுக்குக் கதவுகள் திறந்தே இருக்கும். இரண்டாவது ஆண்டிலேயே போகிறவளுக்கு அவை பாதியில் நின்றுவிடும்.

"மூணு வருசம்தான் பாக்கி. சோத்துக்கு இன்னா வழி?" என்றாள்.

இதுதான் உண்மையான கேள்வி. 1923இல் பம்பாயில் வக்கீலாகப் பதிவு செய்ய அம்பேத்கரிடமே பணம் இல்லை. நண்பர் நவல் பதேனா கொடுத்து உதவினார். தொழிலில் வருமானம் போதாமல் 1925 முதல் ஒரு கணக்கியல் நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார் பாபாசாகேப். அவருக்கே ஒரு தோள் தேவைப்பட்டது. சென்னையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் சொன்னது. அவள் சீனியர் தருவது அதில் கால்வாசி.

நினைவு நாள் பேனருக்கும் மேடைக்கும் நாம் செலவழிக்கிறோம். ஒரு ஜூனியரின் மூன்று வருடச் சாப்பாட்டுக்கும் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் யாரும் உண்டியல் வைப்பதில்லை. பிறகு கோர்ட்டில் நம் பக்கம் ஆளில்லை என்று அழுகிறோம்.

எங்கள் மையத்தில் ஏழு பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் தருவதாக முடிவெடுத்திருக்கிறோம். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். கம்பெனிக்குப் பதில் சொல்ல அவளுக்கு இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. முடிவு அவளுடையது. எதை எடுத்தாலும் அவள் எங்கள் தங்கைதான். அந்த நாற்காலி தனக்குத் தூரம் என்று நினைத்து மட்டும் அவள் விலகக் கூடாது.