கடன் கொப்பி முதல் கணினி வரை: கடைக்காரர் நம்மை எழுதிவைத்த கதை

சில வாரங்களுக்கு முன்னர், கொழும்பிலுள்ள ஒரு பல்பொருள் அங்காடியில் ஒரு இறாத்தல் பாணும் ஒரு பற்தூரிகையும் வாங்கிக்கொண்டு காசு செலுத்தும் இடத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது காசாளரான இளம்பெண் நிமிர்ந்து பாராமலே கேட்டார்:

"டெலிபோன் நம்பர் சொல்லுங்கோ சேர்."

"பாண் வாங்க டெலிபோன் நம்பர் எதற்குப் பிள்ளை?"

"பொயின்ட்ஸ் சேரும் சேர்."

எனக்குப் பொயின்ட்ஸ் வேண்டாமென்றேன். பின்னால் நின்றவர்கள் பெருமூச்செறிந்தனர். அந்தப் பிள்ளை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மளமளவென்று ஏதோ பத்து இலக்கங்களைத் தட்டிப் பற்றுச்சீட்டை என் கையில் தந்தார். அது அவருடைய சொந்த இலக்கமாகத்தான் இருக்கவேண்டும். என் பாணும் பற்தூரிகையும் அன்றிலிருந்து அவருடைய கணக்கில் பதிவாகியுள்ளன.

வீடு திரும்பும் வழியில் என் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. பொருளை விற்பவன், வாங்குபவனைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது? காசைக் கொடுத்துப் பொருளைப் பெற்றுக்கொண்டால் முடிந்துவிடவேண்டிய ஓர் உறவு, எவ்வாறு முடிவில்லாத உறவாக மாறியது?

எங்கள் ஊர்க் கடையில் முதலாளியின் மேசை இலாச்சியில் நீளமான கொப்பியொன்று இருக்கும். எங்கள் வீட்டுக்கென்று அதில் ஒரு பக்கம் உண்டு. சீனி எத்தனை இறாத்தல், மண்ணெண்ணெய் எத்தனை போத்தல், அப்பா வாங்கிய சுருட்டு எத்தனை என்பதெல்லாம் அதில் இருந்தன. எங்கள் குடும்பத்தைப் பற்றி முதலாளிக்குத் தெரியாதது குறைவு. ஆனால் முதலாளியைப் பற்றி எங்களுக்குத் தெரியாததும் குறைவுதான். மாதமுடிவில் கடன் தீர்ந்ததும் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். அத்துடன் கணக்கு முடிந்தது. கொப்பி அந்த இலாச்சியைவிட்டு வேறெங்கும் போனதில்லை.

கொப்பி இலாச்சியைவிட்டு வெளியேறிய கதையைத் தேடினால் நாம் அமெரிக்காவுக்குத்தான் செல்லவேண்டும்.

நியூயோர்க் நகரில் பட்டு வணிகம் செய்தவர் லூயிஸ் டப்பான். 1837ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் கடன் கொடுத்த இடங்களிலிருந்து பணம் திரும்பாமையால் பெரும் நட்டத்துக்குள்ளானார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 1841இல் அவர் நிறுவிய வணிகத் தகவல் முகவரகம். தொலைதூர ஊர்களிலுள்ள சிறு வணிகர்கள் நம்பத்தக்கவர்களா என்பதை நியூயோர்க்கின் மொத்த வியாபாரிகளுக்குச் சொல்வது அதன் பணி. ஊர்தோறும் வழக்கறிஞர்கள் செய்தியாளர்களாக அமர்த்தப்பட்டனர். பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கனும் அவர்களுள் ஒருவர். வணிகரின் சொத்து மட்டுமன்றி அவருடைய ஒழுக்கம், குடிப்பழக்கம், குடும்ப நிலை என்பனவும் பெரிய பேரேடுகளில் எழுதப்பட்டன. அவற்றுள் 2,500க்கும் மேற்பட்ட தொகுதிகள் இன்றும் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வணிக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இதே டப்பான்தான் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களின் முன்னணியில் நின்றவர். அமிஸ்டாட் கப்பலில் பிடிபட்ட ஆபிரிக்கர்களின் விடுதலைக்காகப் பணமும் உழைப்பும் கொடுத்தவர். தீய எண்ணமுடையவர்களால் மட்டும் இத்தகைய பேரேடுகள் தொடங்கப்படவில்லை என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றேன்.

டப்பானின் பேரேட்டில் இருந்தவர்கள் வணிகர்கள். சாதாரண வாடிக்கையாளரை ஏட்டுக்குள் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் கேற்றர் வூல்ஃபோர்ட். ரெனெசி மாநிலத்தின் சட்டனூகாவில் பலசரக்குக் கடை நடத்திய இவர், உள்ளூர்க் கடைக்காரர் சங்கத்துக்காகக் கடன்வாங்குவோரின் பட்டியலொன்றைத் தொகுத்தார். அப்பட்டியலுக்கு இருந்த கிராக்கியைக் கண்டு, 1899இல் சட்டத்தரணியான தம் சகோதரர் கையுடன் சேர்ந்து அட்லாண்டாவில் சில்லறைக் கடன் கம்பனியைத் தொடங்கினார். கடைகடையாக ஏறி, கடைக்காரரின் கொப்பிகளைப் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'உடன் செலுத்துபவர்', 'தாமதிப்பவர்', 'ரொக்கம் மட்டும்' என்று குறித்துப் புத்தகமாக்கி விற்றனர். ஒரு முதலாளிக்கு மட்டும் தெரிந்திருந்த செய்தி, அன்றிலிருந்து ஊரிலுள்ள முதலாளிகள் அனைவருக்கும் தெரிந்த செய்தியாயிற்று.

1960களில் அந்தக் கம்பனியிடம் கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய கோவைகள் இருந்தன. அயலவரின் வம்புப்பேச்சும், மணவாழ்க்கைச் சிக்கல்களும், அரசியல் நடவடிக்கைகளும்கூட அவற்றில் இடம்பெற்றிருந்தன. தன்னைப் பற்றிய கோவையில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைக் காணும் உரிமை அந்த மனிதனுக்கு இருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்து 1970இல் நேர்மையான கடன் அறிக்கைச் சட்டம் நிறைவேறியது. கோவையில் என்ன உள்ளது என அறியவும், பிழையை ஆட்சேபிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. 1975இல் அக்கம்பனி தன் பெயரை ஈக்குவிஃபக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

இதற்கிடையே கடையின் உள்ளேயும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1974 யூன் 26ஆம் திகதி காலை, ஒஹாயோ மாநிலத்தின் ரோய் என்னும் சிற்றூரில் மார்ஷ் பல்பொருள் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொதி முதன்முறையாகப் பட்டைக்குறி மூலம் விற்கப்பட்டது. விலை 67 சதம். பட்டைக்குறி பொருளைத்தான் அடையாளங்காட்டியது, மனிதனை அல்ல. எந்தப் பொருள் எத்தனை மணிக்கு விற்றது என்பது கடைக்குத் தெரியும். வாங்கியது யார் என்பது தெரியாது. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே வாடிக்கையாளர் அட்டை.

பிரித்தானியாவின் ரெஸ்கோ நிறுவனம் 1995 பெப்ரவரியில் நாடெங்கும் தன் கிளப் அட்டையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்திய பரீட்சார்த்தத்தின் முடிவுகளை டன்ஹம்பி என்னும் சிறு ஆய்வு நிறுவனத்தை நடத்திய தம்பதியர் நிறுவனத்தின் பணிப்பாளர் சபைக்கு எடுத்துரைத்தனர். தாம் முப்பது வருடங்களில் அறிந்ததைவிடத் தம் வாடிக்கையாளரைப் பற்றி இவர்கள் மூன்று மாதங்களில் அதிகம் அறிந்துகொண்டுவிட்டனரே என்று அப்போதைய தலைவர் மக்லோரின் பிரபு கூறினார் என்பது வணிக உலகில் பெரிதும் எடுத்துச் சொல்லப்படும் கதை. லண்டனில் வாழும் நம்மவர் பலரின் பணப்பையிலும் அந்த அட்டை இருக்கின்றது. நூறு பவுணுக்கு ஒரு பவுண் கழிவு கிடைத்தது. அதற்கு ஈடாகச் சமையலறையின் கதவு திறந்து கொடுக்கப்பட்டது.

இனி, நான் நேரில் தொட்டுப்பார்த்த ஒரு செய்திக்கு வருகின்றேன்.

1991 தை மாதம். நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் மேசையில் இருந்தேன். வளைகுடாப் போர் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தொலையச்சில் வந்த தாள்களுக்கிடையே அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு செய்தி. லோட்டஸ் என்னும் மென்பொருள் நிறுவனமும் ஈக்குவிஃபக்ஸ் நிறுவனமும் இணைந்து, ஏறத்தாழ 12 கோடி அமெரிக்கர்களின் பெயர், முகவரி, வயதுப்பிரிவு, மணநிலை, மதிப்பிடப்பட்ட வருமானம், வாங்கும் பழக்கம் ஆகியவற்றை இறுவட்டுகளில் பதித்துச் சிறு வணிகர்களுக்கு விற்கத் திட்டமிட்டிருந்தன. 1990இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்துக்கு எதிராக ஏறத்தாழ 30,000 பேர் தம் பெயர்களை நீக்குமாறு கோரினர். இணையம் பொதுமக்களிடம் வந்துசேராத காலம் அது. ஆயினும் கணினி வல்லுநர்கள் மின்னஞ்சல் மூலம் ஒருவருக்கொருவர் செய்தியைப் பரப்பினர். இறுதியில் இரு நிறுவனங்களும் திட்டத்தைக் கைவிட்டன.

நான் அதை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பக்தாத் மீதான குண்டுவீச்சுக்கு முன் அதற்கு இடமேது? செய்தி வெளிவரவில்லை. எனக்கும் வருத்தம் தோன்றவில்லை. பெயரையும் முகவரியையும் விற்பதற்கு இத்தனை கூச்சலா, அமெரிக்கர்களுக்கு வேறு கவலையில்லையா என்றே அன்று நினைத்தேன்.

அவ்வாறு நினைத்தது எவ்வளவு பெரிய பிழை என்பதை நான் அறிந்திருக்கவேண்டும். ஏனெனில் அதற்கு ஏழரை ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1983 ஆடிக் கலவரத்தில், கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளை ஒவ்வொன்றாக அடையாளங்கண்டன. கண்டோர் சொல்லியும் செய்தியாளர் எழுதியும் பதிவான உண்மை அது. என் மாமா ஒருவரின் கடையும் அப்போது எரிந்தது. அந்த இடாப்பு வாக்களிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. தயாரித்த எழுதுவினைஞர் எவரும் நெருப்பை நினைத்திருக்கமாட்டார். ஒரு நோக்கத்துக்காகத் தொகுத்த பெயர்ப்பட்டியல் வேறொரு நோக்கத்துக்குப் பயன்படும்போது என்ன நேரும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் எவர்?

மாமாவின் கடன் கொப்பியும் கடையுடன் எரிந்துபோயிற்று. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஆதாரமேயில்லை. சில மாதங்களின் பின், பக்கத்துத் தெருச் சிங்களவர் ஒருவர் தேடிவந்து தம் கடனைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஏனையோர் வரவில்லை. மாமா இருவகையினரைப் பற்றியும் சொல்வார்.

கடையில் கொடுக்கும் செய்தியும் கடையோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் ரேடியோஷாக் கடைகளில் ஒரு பற்றரி வாங்கினாலும் பெயரும் முகவரியும் கேட்பார்கள். 2002இல் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். ஆயினும் சேர்த்துவைத்த தகவல்கள் இருந்தன. 2015இல் நிறுவனம் வங்குரோத்தானபோது, 11 கோடியே 70 இலட்சம் வாடிக்கையாளர்களின் விபரங்களும் விற்கக்கூடிய சொத்தாக முன்வைக்கப்பட்டன. விற்கமாட்டோம் என்ற வாக்குறுதியை அந்நிறுவனமே முன்னர் வழங்கியிருந்தது. ரெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் தலையிட்ட பின்னரே தொலைபேசி இலக்கங்கள் உட்படப் பல விபரங்களை அழிக்க உடன்பாடு காணப்பட்டது.

'ஓர் இலக்கம்தானே' என்று எண்ணுவோருக்கு இன்னுமொரு வழக்கு. கலிபோர்னியாவில் ஒரு கடை, கடனட்டையில் பணம் செலுத்திய பெண்ணிடம் தபாற் குறியீட்டு எண்ணை மட்டும் கேட்டுப் பெற்றது. அட்டையிலிருந்த பெயரையும் அந்த எண்ணையும் பொருத்திப் பார்த்து அவருடைய முழு முகவரியைக் கண்டுபிடித்தது என்பது முறைப்பாடு. தபாற் குறியீடும் தனிப்பட்ட தகவலே, கடனட்டைக் கொடுக்கல்வாங்கலின் நிபந்தனையாக அதைக் கேட்டுப் பதிவுசெய்தல் கூடாது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 2011 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது.

விற்பது ஒருபுறமிருக்க, திருடுபோவது மறுபுறம். 2013இல் ராகெற் என்னும் பெரும் அங்காடி நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விபரங்கள் களவுபோயின. திருடர் நுழைந்தது குளிரூட்டிப் பராமரிப்பு ஒப்பந்தகாரரின் கடவுச்சொல் வழியாக. 2017இல், கடன் கொப்பிகளிலிருந்து பிறந்த அதே ஈக்குவிஃபக்ஸ் நிறுவனத்திலிருந்து 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் வெளியேறின. அவர்களுட் பெரும்பாலானோர் தம் விபரங்களை அந்நிறுவனத்திடம் ஒருபோதும் நேரடியாகக் கொடுத்தவர்களல்லர்.

நமது பக்கத்தில் நிலைமை என்ன? இந்தியாவில், கைத்தொலைபேசி இலக்கம் தராவிட்டால் பற்றுச்சீட்டுத் தரமுடியாதென வற்புறுத்துவது முறையற்ற வணிக நடவடிக்கை என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் திணைக்களம் 2023 மே மாதத்தில் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. என்ன நோக்கத்துக்காகக் கேட்கப்படுகின்றதோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தல், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறல், திருத்தவும் அழிக்கவும் கோரல் என்பன அதன் அடிப்படைகள். கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்ட அச்சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. சட்டம் புத்தகத்திலிருந்து இறங்கிக் காசாளரின் மேசைவரை வந்துசேரக் காலமெடுக்கும்.

அதுவரை நாமே செய்யக்கூடியவை சில உள. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று வினவுவது குற்றமன்று. சிறு கொள்வனவுகளுக்கு ரொக்கம் போதும். கடைகளுக்கெனத் தனியே ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளலாம். பிறந்த திகதி கேட்கும் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். குறிப்பாக, இலங்கை வாசகர்கள் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். அதன் இலக்கங்களுக்குள்ளேயே நாம் பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதும், ஆணா பெண்ணா என்பதும் பொதிந்துள்ளன. பெண்களுக்கு நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். உத்தரவாதச் சீட்டுக்காக அந்த இலக்கத்தை எழுதிக் கொடுப்பவர், ஒரே வரியில் மூன்று செய்திகளைக் கொடுத்துவிடுகின்றார்.

போன கிழமையும் அதே அங்காடிக்குச் சென்றேன். அதே பிள்ளைதான் இருந்தார். என்னைக் கண்டதும், இலக்கம் கேட்காமலே எதையோ தட்டிவிட்டுச் சிரித்தார். நான் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என்னைப் பற்றிய விபரம் அந்தக் கணினியில் இல்லை. ஆனால் என் வயிற்றுப்புண் மருந்தும், என் சீனியில்லாத பிஸ்கட்டும் அவர் பெயரில் சேர்ந்துகொண்டே போகின்றன. நாளை அவர் ஒரு காப்புறுதிக்கோ கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தக் கணக்கை எவராவது புரட்டிப்பார்த்தால்?

அடுத்தமுறை அவரிடம் சொல்லவேண்டும், உங்கள் இலக்கத்தைப் போடவேண்டாம் பிள்ளை என்று. நான் காத்துக்கொண்டதாக நினைத்தது அவருடைய செலவில் அல்லவா நடந்திருக்கின்றது.