சேலம் தோத்தா தருமபுரி யாருக்கு? டிஎன்பிஎல் 'ராஜ்ஜிய' வரைபடம் சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் 8 அணிகள். அப்போ மீதி 30 மாவட்டங்கள் யார் பக்கம்? இதற்கு ஜாலியாக விடை சொல்வதுதான் 'ராஜ்ஜிய வரைபடம்'.

அது என்ன வரைபடம்?

அமெரிக்க கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களிடம் பிரபலமான கற்பனை விளையாட்டு இது. விதிகள் சிம்பிள்:

* சீசன் தொடங்கும்போது, ஒவ்வொரு பகுதியும் பக்கத்தில் உள்ள அணிக்குச் சொந்தம்.
* மேட்ச் ஜெயித்தால், தோற்ற அணியின் கையில் அப்போது இருக்கும் நிலம் மொத்தமும் ஜெயித்த அணிக்கு.
* நிலத்தை இழந்த அணி மீண்டு வர, நிலம் வைத்திருக்கும் அணியை ஜெயிக்க வேண்டும்.

தருமபுரி யாருக்கு?

தருமபுரிக்கு சொந்த அணி இல்லை. சுமார் 65 கி.மீ. தூரத்தில் சேலம் இருப்பதால், முதல் நாளில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் கணக்கில் வரும். இது பழைய உறவுதான். 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

ஆனால் சேலத்துக்கு அணி கிடைத்ததே பின்னாடிதான். 2016இல் முதல் டிஎன்பிஎல் கோப்பையை வென்ற தூத்துக்குடி அணிதான் இடம் மாறி, 2021 சீசனில் சேலம் அணியாக இறங்கியது. இது கற்பனை இல்லை, நிஜமாகவே நடந்த 'எல்லை மாற்றம்'.

2025 பிளே-ஆஃபில் போட்டுப் பார்த்தால்?

பிளே-ஆஃப் வந்த 4 அணிகளுக்கு மட்டும் தமிழ்நாட்டைப் பிரித்துக் கொடுப்போம். சேப்பாக்கத்தை ஜெயித்த திருப்பூருக்கு, சேப்பாக்கத்தின் நிலம் வந்துவிடும். திருச்சியை வீழ்த்திய திண்டுக்கல்லுக்கு, திருச்சியின் நிலம். அடுத்து திண்டுக்கல் சேப்பாக்கத்தையும் ஜெயித்தது. கிடைத்தது? ஒரு சென்ட் கூட இல்லை! ஏன்னா சேப்பாக்கத்தின் கையில் அப்போது எதுவுமே இல்லை. ஃபைனலில் திண்டுக்கல்லை 118 ரன்களில் சாய்த்த திருப்பூருக்கு மொத்த தமிழ்நாடும் சொந்தம்.

புள்ளிப்பட்டியலில் எத்தனை வெற்றி என்பதுதான் கணக்கு. இங்கே யாரை, எப்போது ஜெயித்தோம் என்பதுதான் முக்கியம்.

ஒரே ஒரு குறை

தகடூர் என்ற பெயரில் அதியமான் ஆண்ட ஊர் தருமபுரி. அதைப் பிடிக்க சேரன் படையெடுத்து வர வேண்டியிருந்தது. இந்த வரைபடத்தில் 20 ஓவர் போதும். தருமபுரி ரசிகர்கள் யாருக்குக் கைதட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஊர் எத்தனை முறை வேண்டுமானாலும் கைமாறலாம். ஆனால் தருமபுரி யாரிடமிருந்தும் ஒரு மாவட்டத்தைக்கூட பிடிக்க முடியாது. அதற்கு முதலில் ஒரு அணி வேண்டுமே!