வெளித்தரப்புக்கான மாணவர் பொறியியல் செயற்திட்டம் (வன்னி)

பொறியியல் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர் குழுவொன்று, பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் உண்மையான தேவைக்கு, விரிவுரையாளரின் மேற்பார்வையில், குறித்த காலத்துக்குள் தீர்வொன்றை வடிவமைத்துக் கையளிப்பது வெளித்தரப்புச் செயற்திட்டம் எனப்படும். தேவையைக் கொண்டுவருபவர் ஒரு கம்பனியாகவோ பிரதேச சபையாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ கமக்காரர் அமைப்பாகவோ இருக்கலாம். இங்கே அவரைச் சேவைபெறுநர் என்போம். வகுப்பறைக் கணக்கில் கேள்வியை விரிவுரையாளர் திருத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவார். இதிலோ கேள்வியையும் மாணவரே கண்டறிய வேண்டும். பாதி வேலை அதிலேயே அடங்கியிருக்கிறது.

இந்த முறைக்கு முன்னோடியாகப் பலரும் காட்டுவது அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி 1963இல் தொடங்கிய ‘கிளினிக்’ திட்டம். மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்துக் கற்பதுபோலப் பொறியியல் மாணவரும் தேவையோடு வருபவரைப் பார்த்துக் கற்கட்டும் என்பது அப்பெயரின் பொருள். அதே நாட்டின் பேர்டியூ பல்கலைக்கழகம் 1995இல் சமூக அமைப்புகளையே சேவைபெறுநராகக் கொண்டு இன்னொரு திட்டத்தைத் தொடங்கியது. இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு நெருக்கமானது அதுதான். இந்த முறைக்கு இன்னொரு உந்துதலும் உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கை 1989இல் உருவானது. இலங்கை பொறியியலாளர் நிறுவனம் 2014இல் அதில் முழு உறுப்பினரானது. நேரான ஒற்றை விடை இல்லாத சிக்கல்களை மாணவர் கையாள வேண்டும் என அவ்வுடன்படிக்கை எதிர்பார்ப்பதால், இறுதியாண்டு வடிவமைப்பு வேலை எந்தப் பீடத்திலும் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

வன்னியில் இதற்கான களம் கிளிநொச்சி அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் இங்கே இயங்குகிறது. விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் அருகிலேயே உள்ளன. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இதே அறிவியல் நகரில்தான் இருக்கிறது. வரைபடம் போடுபவரும் பயிரை அறிந்தவரும் இரும்பை ஒட்டத் தெரிந்தவரும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இடம் இலங்கையில் அரிது. தெற்கே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது.

சேவைபெறுநர் யார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இது சின்ன விடயமல்ல என்பதற்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளமே சான்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகத் திட்டமிட்டபோது, சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாது என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். திட்டம் மாற்றப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டது. பணம் தருபவர், பயன் பெறுபவர், இழப்பைச் சுமப்பவர் என்று மூன்று தரப்பு இருக்க, முதல் இருவரை மட்டும் கேட்டு வரையப்பட்ட திட்டம் மூன்றாமவரிடம் வந்து நின்றுவிடும். மாணவர் குழு குளத்துக் கமக்காரர் அமைப்பின் தலைவரை மட்டும் சந்தித்துவிட்டுத் திரும்பக் கூடாது. வாய்க்காலின் கடைசியில் காணி வைத்திருப்பவரையும் தேடிப்போக வேண்டும்.

கேள்வியைக் கண்டறிவது எப்படி என்பதற்கு நெல் உலர்த்தியை எடுத்துக்கொள்ளலாம். காலபோக அறுவடைக் காலத்தில் கண்டி வீதி ஓரங்களில் நெல் பரவிக் கிடப்பதைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். இயந்திரம் வெட்டித் தரும் நெல்லில் ஈரப்பதன் 20 முதல் 25 வீதம் வரை இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்க வேண்டுமானால் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. படங்கு விரித்துக் காயவைக்க இடமில்லாதவர், மழை வந்தால் பொறுக்க முடியாதவர், வந்த விலைக்கு ஈரநெல்லாகவே விற்றுவிடுகிறார். ‘எங்களுக்கு ஒரு உலர்த்தி மெசின் செய்து தாங்கோ’ என்று கமக்காரர் கேட்டால், அவருக்கு உண்மையில் தேவைப்படுவது விலை பேரம் பேசச் சில நாள் அவகாசம். அதைத் தருவது உலர்த்தியாகவும் இருக்கலாம், பொதுக் களஞ்சியமாகவும் இருக்கலாம், பரந்த சீமெந்துத் தளமாகவும் இருக்கலாம். கேட்டதை அப்படியே வரையத் தொடங்கும் குழு மற்ற இரண்டையும் எண்ணிப்பார்க்காமலே விட்டுவிடும்.

உலர்த்திதான் என்று முடிவானால் கணக்கு எளிது. 22 வீத ஈரப்பதனுள்ள 1,000 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 93 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாயூல் வெப்பம் செல்லும் என்றால் மொத்தம் 223 மெகாயூல். உமி கிலோவுக்கு 13 மெகாயூல் அளவில் தரும். அடுப்பின் வினைத்திறனை 30 வீதமாகக் குறைத்து மதிப்பிட்டாலும் 57 கிலோ உமி போதும். அதே 1,000 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். தாளில் எரிபொருள் இலவசம். ஆனால் உமி கிடப்பது மில்லில், ஈரநெல் கிடப்பது வயலில். உலர்த்தியை எங்கே நிறுத்துவது என்பதே அப்போது முதன்மையான வடிவமைப்புத் தீர்மானமாகிறது. அது மில்காரரையும் பேச்சுக்குள் கொண்டுவருகிறது. விதைநெல்லும் அதில் காயப்போகிறதா என்று கேட்க மறக்கக் கூடாது. காற்றின் வெப்பநிலை 43 பாகை செல்சியசைத் தாண்டினால் முளைதிறன் கெடும்.

பொறியியல் பீடத்தில் கற்பித்தல் ஆங்கிலத்தில் நடக்கிறது. மாணவர் நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். தமிழ் தெரியாதவர் பலர். கமக்காரர் பேசும் துருசு, வான், அலைகரை, வட்ட விதானை என்ற குளத்து நீர்ப்பாசனச் சொற்களுக்குப் பின்னால் பரம்பரையாக வந்த நீர் மேலாண்மை இருக்கிறது. அவை ஆங்கில அறிக்கைக்குள் போகும்போது பாதி அர்த்தம் உதிர்கிறது. குழுவில் தமிழ் மாணவர் இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் வேலையை அவர் தலையிலேயே கட்டிவிட்டால் அவரது பொறியியல் பங்கு சுருங்கிவிடும். தேவைக் குறிப்பை முதலில் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் உரக்க வாசித்து, திருத்தி, அதன் பிறகே ஆங்கிலத்தில் விவரக்குறிப்பு எழுதுவது நல்லது. ஒரு பின்னேரம் செலவாகும். மாதக்கணக்கான தவறான வேலை மிச்சப்படும்.

காலம் அடுத்த சிக்கல். பல்கலைக்கழகம் அரையாண்டுகளால் நகர்கிறது. வன்னி காலபோகத்தாலும் சிறுபோகத்தாலும் நகர்கிறது. ஐப்பசி முதல் வடகீழ்ப் பருவமழை. அப்போது குளத்து நீரளவு எடுக்கலாம், ஆனால் கிரவல் பாதையில் போவது கடினம். காலபோக ஈரநெல் கிடைப்பது தை, மாசி, பங்குனியில் மட்டும். வைகாசியில் செய்து முடித்த உலர்த்தியைச் சிறுபோக நெல் வரும்வரை, அதுவும் நீர் போதாமல் சிறுபோகம் சுருங்கிய ஆண்டில் இன்னும் நீண்ட காலம், சோதிக்க முடியாது. திட்ட அட்டவணையை அறுவடையிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும்.

களத்துக்குப் போகுமுன் கேட்க வேண்டிய ஒன்று வேறு பல நாடுகளின் கைநூல்களில் இராது. 2009இல் முடிந்த போரின் பின் வன்னியில் கண்ணிவெடி அகற்றல் பல ஆண்டுகள் நீடித்தது. காட்டோரமோ கைவிடப்பட்ட காணியோ ஆனால், அது விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிசெய்யாமல் ஒரு மாணவரையும் அளவெடுக்க அனுப்பக் கூடாது. அதேபோல், இடிந்தால் ஆளைக் கொல்லக்கூடிய எதையும் மாணவர் வரைபடத்தை நம்பிக் கட்டக் கூடாது. பொறியியல் தொழில் செய்பவர் பதிவு பெற வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியல் பேரவைச் சட்டத்தின் நோக்கம். பட்டம் பெறாத மாணவருக்கு அந்தத் தகுதி இல்லை. தகுதி பெற்ற பொறியியலாளர் ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிடுவது அவசியம். எவர் எவ்வளவு பணம் போடுகிறார், பொருள் எவருக்குச் சொந்தம், பழுதானால் எவர் திருத்துவார் என்பதை இரண்டு பக்க உடன்படிக்கையில் எழுதிவைத்தால் போதும்.

பழுதானால் எவர் திருத்துவார் என்ற கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் உயிர்விடுகின்றன. புள்ளி கிடைத்ததும் அணி பிரிந்து ஊருக்குப் போய்விடும். அடுத்த அணிக்கு வேறு தலைப்பு. வவுனியாவின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடியிருப்பதால் ஊர்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் தேவைப்படுகின்றன. அத்தகைய ஒன்றை எடுத்துக்கொண்டால், நீரை வடிக்கும் மென்சவ்வை மாற்றப் புதியதை எங்கே வாங்குவது, கழிவுநீரை எங்கே விடுவது, மின்கட்டணத்தை எவர் கட்டுவது என்பவை வடிவமைப்பின் பகுதிகள். கொழும்பில் மட்டும் கிடைக்கும் உதிரிப்பாகத்தைத் தெரிவுசெய்தால் முதற் பழுதோடு நிலையம் நின்றுவிடும். பெல்ட், பெயரிங், மோட்டர் எல்லாம் கிளிநொச்சி நகரக் கடையில் வாங்கக் கூடியதாக இருப்பது, வினைத்திறனில் ஐந்து வீதம் குறைந்தாலும், மேலான வடிவமைப்பு.

கையளிப்பு மூன்று பொருள்களோடு நடக்க வேண்டும்: தமிழில் படங்களோடு எழுதிய இயக்கக் குறிப்பு, உதிரிப்பாகங்களின் பெயரும் கடை விலையும் கொண்ட பட்டியல், அந்த இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகிய ஊர் இளைஞர் ஒருவர். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் அலமாரியில் தூசி பிடிக்கும். அவரை முதல் நாளிலேயே தேடிக் குழுவில் சேர்த்துக்கொள்வதும், முதல் அறுவடை முடிந்த பிறகு அடுத்த அணி மாணவர் இருவர் போய் எவ்வளவு நெல் காய்ந்தது, எது உடைந்தது, எவர் திருத்தினார் என்று கேட்டுக் குறித்துவருவதும் திட்டத்துக்கு உரிய புள்ளிகளிலேயே சேர்க்கப்பட வேண்டும்.