தண்ணீர் ஊற்றி ஓட்டிய காலம் போய்விட்டது: பழைய வாகனத்தில் கூலன்ற் கசிவைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

திருகோணமலையில் இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி வழியாகக் குச்சவெளிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். அதே வீதி வடக்கே புல்மோட்டை வரை போகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வேளை இந்த வீதியில் பயணித்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். வீதியோரம் பொனற் திறந்தபடி ஒரு பழைய வான், உள்ளிருந்து எழும் ஆவி, கையில் தண்ணீர்ப் போத்தலுடன் சாரதி.

சில வருடங்களுக்கு முன் அப்படி நின்ற ஒரு வானுக்குள் நானும் அம்மாவும் இருந்தோம். திருகோணமலையில் அம்மாவுக்குக் கிளினிக் நாள். வான் உறவினர் ஒருவருடையது. மூன்று வாரமாகத் தினமும் காலையில் றேடியேற்றருக்கு ஒரு போத்தல் தண்ணீர் விட்டுத்தான் அவர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று பாதி வழியில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அருகிலிருந்த வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளிவந்து, கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினுக்கு ஊற்றினார். எஞ்சினின் ஹெட் வெடித்தது. கராஜில் கழற்றிப் பார்த்தபோது, எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு முழம்கூட இல்லாத றபர் ஹோஸ் ஒன்றின் நுனியில் இருந்த வெடிப்பு என்று தெரிந்தது. அந்த ஹோஸை மாற்ற அரை மணித்தியாலம் போதும். எஞ்சினைத் திருத்த இரண்டு மாதம் போனது. அம்மாவின் கிளினிக் நாளும் தவறியது.

அவர் வாகனம் தெரியாதவர் அல்லர். அவர் கற்ற பாடம் வேறொரு காலத்துக்குரியது.

இரும்பு எஞ்சின் காலத்துப் பழக்கம்

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்கு எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் போவது தடைசெய்யப்பட்டது. கிழக்கிலும் சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஓர் உதிரிப்பாகத்தைக் கொண்டுபோவது இலகுவாக இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் எங்களைச் சுமந்தவை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஹோஸ் வெடித்தால் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டினார்கள். றேடியேற்றர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

அந்தக் கார்கள் இதையெல்லாம் தாங்கின. அவற்றின் எஞ்சின் புளொக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. றேடியேற்றர் செம்பும் பித்தளையும் என்பதால் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம். 1948இல் வந்த முதல் மொறிஸ் மைனரில் வோட்டர் பம்ப்பே கிடையாது. சூடான நீர் தானாக மேலெழுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதுமே அதன் சுற்றோட்டம்.

இன்று எங்கள் ஊர்களில் ஓடும் “பழைய” வாகனங்கள் பெரும்பாலும் 1980களிலும் 90களிலும் தயாரான ஜப்பான் கார்களும் வான்களும். இவற்றில் அதிகமானவற்றின் புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். அளவு மீறிச் சூடானால் அலுமினிய ஹெட் வளையும். திடீரெனக் குளிர்ந்தால் வெடிக்கும். றேடியேற்றர்கள் பலவும் அலுமினிய உடலும் பிளாஸ்ரிக் தொட்டியுமாக இருப்பவை. அவற்றுக்கு ஈயம் பிடிக்காது.

வாகனத்தைக் கைவிட்டு வேறொன்று வாங்குவதும் எல்லோருக்கும் முடிந்த காரியமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. இருப்பதைக் காப்பாற்றுவதே பலருக்கும் ஒரே வழி.

கூலன்ற் எதற்கு?

பனி விழாத நாட்டில் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. எங்களுக்கு முக்கியமானவை மற்ற மூன்று: துருவையும் அரிப்பையும் தடுப்பது, கொதிநிலையை உயர்த்துவது, வோட்டர் பம்ப்பின் சீலைக் காப்பது.

வெறும் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். கூலன்றும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை ஏறத்தாழ 107 பாகை. இதற்கு மேல் றேடியேற்றர் மூடி அழுத்தத்தையும் சேர்க்கிறது. ஜப்பான் வாகனங்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று இலக்கம் இருக்கும். அது, மூடி எந்த அழுத்தம்வரை தாங்கிப் பிடிக்கும் என்பதைக் காட்டும். 0.9 மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீர்கூட 118 பாகை அளவில்தான் கொதிக்கும். கசிவு ஏற்பட்டதும் முதலில் போவது இந்த அழுத்தம். அதனால்தான் “கொஞ்சம்தானே ஒழுகுது” என்று விட்ட வாகனம் ஏற்றத்திலோ வெயிலிலோ திடீரெனக் கொதிக்கிறது.

கடலோரக் கிணற்று நீரில் உவர் இருக்கும். அந்த உப்பு அலுமினியத்தை அரிக்கும். கடின நீரின் கல் மெல்லிய குழாய்களை அடைக்கும். பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரையே கூலன்றுடன் கலக்க வேண்டும். கலந்த நிலையிலேயே விற்கப்படும் கூலன்ற் என்றால் அதற்கு மேல் தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்து வகையை முடிவுசெய்யக் கூடாது. வாகனக் கையேட்டில் சொல்லப்பட்ட வகையைப் போத்தலின் லேபிளில் பாருங்கள். வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள்.

கசிவைத் தேடுவது எப்படி?

முதல் விதி: எஞ்சின் முற்றாக ஆறும்வரை றேடியேற்றர் மூடியில் கை வைக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்துக்கும் நெஞ்சுக்கும்தான் பாயும். காலையில் ஓட்டுவதற்கு முன் பார்ப்பதே நல்லது.

இரவு வாகனத்தின் முன்பகுதிக்குக் கீழே காட்போட் மட்டை ஒன்றை விரித்துவிடுங்கள். காலையில் ஈரம் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேடத் தொடங்கலாம். ஏசி ஓடியபின் விழும் நிறமற்ற, மணமற்ற நீர் கசிவல்ல. வழுவழுப்பாக, நிறத்துடன், இலேசான இனிப்பு மணத்துடன் இருந்தால் அது கூலன்ற்.

பிறகு ரோச் வெளிச்சத்தில் இந்த இடங்களைப் பாருங்கள். றேடியேற்றரின் மேல், கீழ் ஹோஸ்களின் இரு நுனிகள். ஹோஸை அழுத்தினால் வெடிப்புத் தெரிகிறதா, பஞ்சுபோல் மெதுமையாக இருக்கிறதா. றேடியேற்றரின் பிளாஸ்ரிக் தொட்டியும் உலோக உடலும் சேரும் விளிம்பு. அடியிலுள்ள வடிகால் திருகு. தேர்மோஸ்டற் கூடு. வோட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளை. அதிலிருந்து ஒழுகினால் பம்ப்பின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஹீற்றருக்குப் போகும் சிறு ஹோஸ்கள். கூலன்ற் காய்ந்த இடத்தில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு ஒட்டியிருக்கும். ஈரம் இல்லாவிட்டாலும் அந்தப் படிவு காட்டிக்கொடுக்கும்.

வெளியே எதுவும் இல்லை, ஆனால் அளவு குறைகிறது என்றால் உள்ளே பார்க்க வேண்டும். முன் இருக்கைக் காலடியில் விரிப்பு நனைந்து, கண்ணாடியில் மங்கல் படிந்தால் ஹீற்றர் கசிகிறது. ஒயில் மூடியின் உட்பக்கம் பால்போல் வெளிறியிருந்தால், சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், அல்லது ஸ்ரார்ட் செய்தவுடன் றேடியேற்றரில் குமிழிகள் தொடர்ந்து வந்தால் ஹெட் கஸ்கற் போயிருக்கலாம். இது வீட்டில் செய்யும் வேலையல்ல. வாகனத்தை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

எதுவுமே தென்படாவிட்டால் மூடியைச் சந்தேகியுங்கள். அதன் றபர் வளையம் வெடித்திருந்தால் அல்லது சுருள்வில் தளர்ந்திருந்தால் நீர் ஆவியாக வெளியேறிவிடும். அதே இலக்கமுள்ள புதிய மூடியே போதும். இதற்கும் தீராவிட்டால், கராஜில் உள்ள அழுத்தப் பம்ப்பால் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாமலே கசிவு வெளிப்படும். மூடியில் உள்ள இலக்கத்துக்கு மேல் அழுத்தம் கொடுக்கக் கூடாது.

ஹோஸ் மாற்றுவது

கசிவுகளில் வீட்டிலேயே நம்பிக்கையுடன் செய்யக்கூடியது ஹோஸ் மாற்றுவதுதான். தேவையானவை: திருப்புளி, குறடு, கூரான கத்தி, நைஸ் எமரித் தாள், ஒரு பெரிய பாத்திரம், அதே வாகனத்துக்குரிய ஹோஸ், இரண்டு புதிய கிளிப்.

1. எஞ்சின் ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, வடிகால் திருகைத் திறந்து கூலன்றைப் பாத்திரத்தில் இறக்குங்கள். மேல் ஹோஸ் மட்டும் என்றால் அதன் மட்டத்துக்குக் கீழே வரும்வரை இறக்கினால் போதும்.

2. கிளிப்பைத் தளர்த்திப் பின்னே தள்ளுங்கள். பழைய ஹோஸ் ஒட்டிப்போய் இருக்கும். பலங்கொண்டு முறுக்கினால் றேடியேற்றரின் பிளாஸ்ரிக் கழுத்து உடையும். ஹோஸின் நுனியைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள்.

3. கழுத்தில் ஒட்டியுள்ள றபரையும் துருவையும் எமரித் தாளால் தேய்த்துத் துடையுங்கள். இதைத் தவறவிட்டால் புதிய ஹோஸும் கசியும்.

4. கிளிப்களை முதலில் ஹோஸில் போட்டு, பிறகு ஹோஸைக் கழுத்தின் முடிவுவரை ஏற்றுங்கள். கழுத்து நுனியில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உட்பக்கம் இருக்க வேண்டும். றபர் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். ஹோஸ் விசிறியிலோ பெல்ற்றிலோ உரசக் கூடாது.

5. வடிகாலை மூடி, புதிய கலவையை மெதுவாக ஊற்றுங்கள். ஹீற்றரை அதிக சூட்டில் வைத்து, றேடியேற்றர் மூடி திறந்தபடி எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். ஏறத்தாழ 82 முதல் 88 பாகையில் தேர்மோஸ்டற் திறந்ததும் மட்டம் திடீரென இறங்கும். குறைவதை நிரப்பி மூடியை இறுக்குங்கள். இந்த நேரம் முகத்தை றேடியேற்றருக்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

6. ஊருக்குள் ஒரு சுற்றுப் போய்வந்து, எஞ்சின் ஆறியபின் பிளாஸ்ரிக் ரிசேவ் டாங்கியில் லோ, ஃபுல் என்ற இரு கோடுகளுக்கிடையே மட்டம் இருக்கிறதா பாருங்கள். அடுத்த மூன்று நாளும் காலையில் பாருங்கள்.

ஒரு ஹோஸ் வெடித்தால் மற்றவையும் அதே வயதுதான். முடிந்தால் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது. வோட்டர் பம்ப், சில எஞ்சின்களில் வெளிப் பெல்ற்றால் சுழலும். அதை அனுபவமுள்ளவர் வீட்டில் மாற்றலாம். ரைமிங் பெல்ற்றால் சுழலும் பம்ப் என்றால் கராஜுக்கு விடுங்கள்.

வழியில் கொதித்தால்

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் போடுங்கள். உள்ளே வெந்தாலும் எஞ்சினின் சூடு சிறிது குறையும். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். “இன்னும் இரண்டு கட்டைதானே” என்று ஓட்டினால் அந்த இரண்டு கட்டைக்குள் ஹெட் போய்விடும். குறைந்தது முக்கால் மணித்தியாலம் ஆறவிடுங்கள். எஞ்சின் மீது வெளியே தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆறியபின் ஹோஸில் வெடிப்புத் தெரிந்தால், துடைத்துக் காயவைத்து, தன்மேல் தானே ஒட்டும் சிலிக்கன் ரேப்பையோ சைக்கிள் ரியூப் பட்டையையோ இழுத்து இறுக்கிச் சுற்றலாம். எங்கள் பெரியவர்களின் அந்த வித்தை இன்றும் உதவும். ஆனால் வீடு வந்து சேர்வதற்கு மட்டுமே. வேறு வழியில்லாவிட்டால் குடிதண்ணீர்ப் போத்தலை ஊற்றி மெதுவாக ஓட்டி வரலாம். வந்தபின் அதை இறக்கிச் சரியான கலவையை நிரப்ப வேண்டும். றேடியேற்றருக்குள் மஞ்சள்தூள் போடுவது, கசிவை அடைக்கும் தூள் விடுவது என்பன ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை. ஹீற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

கூலன்ற் நஞ்சு

கூலன்றில் உள்ள எதிலீன் கிளைகோல் இனிப்பாக இருக்கும். நாய், பூனை நக்கிக் குடிக்கும். சிறு பிள்ளைகளும் வாய் வைக்கலாம். சிறிதளவும் சிறுநீரகத்தைப் பாதிக்கும், உயிரையும் எடுக்கும். இறக்கிய கூலன்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வளவிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள கானில் அடைத்து, பெயர் எழுதி, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறி தெரியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எங்கள் உறவினர் இன்றும் அதே வானைத்தான் ஓட்டுகிறார். காலையில் சாமி கும்பிட்டு வந்ததும் பொனற்றைத் திறந்து ரிசேவ் டாங்கியின் மட்டத்தைப் பார்க்கிறார். முன்பு குறைந்திருந்தால் தண்ணீர் ஊற்றுவார். இப்போது குறைந்திருந்தால் வானை எடுக்காமல், எங்கே குறைகிறது என்று தேடுகிறார். அம்மாவின் கிளினிக் நாள் அதன்பிறகு தவறவில்லை.