ஷாவோலின், வூடாங்: குங் ஃபூவின் இரு வாயில்கள்

குங் ஃபூ கற்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, ‘ஷாவோலின் வழியா, வூடாங் வழியா?’ என்பதாகும். தசை வலிமை, வேகம், குத்து, உதை ஆகியவற்றை முதன்மைப்படுத்தும் முறைகள் ‘புறவழி’ எனப்படுகின்றன. மூச்சு, உடல் தளர்வு, எதிராளியின் விசையை ஏற்றுத் திருப்புதல் ஆகியவற்றை முதன்மைப்படுத்தும் தை சி, ஷிங் யி, பாகுவா ஆகிய மூன்றும் ‘அகவழி’ எனப்படுகின்றன. முன்னதற்கு ஹெனான் மாகாணத்து ஷாவோலின் மடமும், பின்னதற்கு ஹூபே மாகாணத்து வூடாங் மலையும் பிறப்பிடங்களாகக் கூறப்படுகின்றன. சீன அரசின் ஆதரவு பெற்ற கழகம் ஒன்று 1928இல் இப்பிரிவினையின்படி மாணவர்களைப் பிரித்துப் பார்த்து, விரைவிலேயே அதைக் கைவிட்டது.

பிரிவினையின் தோற்றம்

16ஆம் நூற்றாண்டில் மிங் தளபதி சி ஜிகுவாங், தம் படைவீரர்களுக்காகப் பல மரபுகளிலிருந்து 32 நிலைகளைத் தொகுத்தார். அத்தொகுப்பில் அகம், புறம் என்ற பாகுபாடு இல்லை. 1669இல் ஹுவாங் ஸோங்ஷி என்னும் அறிஞர், வாங் ஜெங்நான் என்ற வீரருக்கு எழுதிய கல்லறைக் குறிப்பில்தான் அது தெளிவாகத் தோன்றுகிறது. ஷாவோலின் கலை புறவழி என்றும், வூடாங் மலைத் துறவி ஜாங் சான்ஃபெங் தோற்றுவித்தது அகவழி என்றும் அதில் அவர் எழுதினார். ஹுவாங் மஞ்சு ஆட்சியை எதிர்த்த மிங் பற்றாளர். ஆகவே வெளியிலிருந்து வந்த பௌத்தத்திற்கு எதிராக மண்ணின் மரபான தாவோயியத்தை நிறுத்தும் அரசியல் குறிப்பு இதில் இருப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

நான்ஜிங் கழகம்

1928 மார்ச்சில் தளபதி ஜாங் ஜிஜியாங்கின் தலைமையில் நான்ஜிங் நகரில் மத்திய குவோஷூ கழகம் தொடங்கப்பட்டது. ‘குவோஷூ’ என்பதற்குத் தேசியக் கலை என்பது பொருள். சிதறிக் கிடந்த மரபுகளை ஒன்றிணைத்து மக்களின் உடல் வலிமையை உயர்த்துவது இதன் நோக்கம். எனினும் கழகமே ஷாவோலின் வாயில், வூடாங் வாயில் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முன்னதற்கு வாங் ஸீபிங்கும் பின்னதற்கு காவ் ஜென்டோங்கும் தலைமை ஏற்றனர்.

எது உயர்ந்தது என்ற போட்டி, இரு தலைவர்களும் நேரடியாக மோதிக்கொள்ளும் அளவுக்கு முற்றியது. ஒற்றுமைக்காக உருவான இடத்தில் பிரிவினையே வளர்வதைக் கண்ட நிர்வாகம், இரு வாயில்களையும் கலைத்தது. அதன்பின் மாணவர்கள் தை சி, ஷிங் யி, பாகுவா ஆகியவற்றோடு பாஜி, மல்யுத்தம், ஆயுதப் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தே கற்றனர்.

தொன்மக் கதைகளின் ஆய்வு

கழகத்தோடு தொடர்புடைய வரலாற்றாளர் டாங் ஹாவ், ஷாவோலின், வூடாங் மரபுக் கதைகளை ஆராய்ந்து 1930இல் நூல் வெளியிட்டார். போதிதருமர் ஷாவோலின் கலையையும், ஜாங் சான்ஃபெங் அகவழியையும் தோற்றுவித்தனர் என்பதற்கு ஆதாரமில்லை என்று அவர் காட்டினார். தை சியின் வரலாற்றுத் தடங்களை அவர் வூடாங் மலையில் அல்லாமல், ஹெனானின் சென்ஜியாகோ சிற்றூரில் கண்டறிந்தார். ஷாவோலின் மடம் இருப்பதும் அதே ஹெனான் மாகாணத்தில்தான்.

போதிதருமரைக் காஞ்சிப் பல்லவ இளவரசராகக் கருதும் தமிழர்களுக்கும் இந்த ஆய்வு முக்கியமானது. அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று கூறும் பழைய சீனக் குறிப்பு உண்டு. ஆனால் அவரை உடற்பயிற்சிக் கலையோடு இணைக்கும் ‘யி ஜின் ஜிங்’ என்ற நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது.

கற்போர்க்கு

இரு வழிகளின் பயிற்சி முறைகளில் வேறுபாடு உண்மையாகவே உண்டு. தை சியில் தொடக்கப் பயிற்சி பெரும்பாலும் மெதுவாக நடக்கும். புறவழி முறைகள் பலவற்றில் தொடக்கத்திலேயே வேகமும் தாவலும் பழக்கப்படுகின்றன. உடல்நிலை, வயது, நோக்கம், அருகில் கிடைக்கும் ஆசிரியரின் தகுதி ஆகியவற்றைக் கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமானது. மடத்தின் பழமையோ மலையின் புகழோ அத்தேர்வுக்கு அளவுகோலாக முடியாது என்பதே நான்ஜிங் கழகத்தின் அனுபவம்.